பாதியில் நிறுத்தக் கூடாத இயந்திரம்

எங்கள் வீட்டில் ஒரே அறையில் இரண்டு இயந்திரங்கள் ஓடின. ஒன்று என் கணினி. இன்னொன்று அப்பாவின் மூக்குக்கு ஆக்சிஜன் கொடுக்கும் பெட்டி.

அப்பா சேரன்மகாதேவியில் ஓர் அரிசி ஆலையில் மோட்டார் பார்த்தவர். உமித்தூசி நெஞ்சில் இறங்கி, நாலு எட்டு நடந்தாலே சுவரைப் பிடிக்கிற நிலைக்கு வந்தபோது டாக்டர் அந்தப் பெட்டியை எழுதிக் கொடுத்தார். கரண்டு இல்லாவிட்டால் அது ஓடாது. அதனால் இன்வெர்ட்டரும் வந்தது. மாட்டிக் கொடுத்த கடை அண்ணாச்சி பேட்டரியைத் தட்டிக் காட்டிச் சொன்னார்:

“அப்பா பொட்டிய மட்டும் போட்டா ரெண்டு மணி நேரம் தாங்கும். ஒங்க கம்ப்யூட்டரையும் சேத்துப் போட்டீருன்னா பாதி நேரங்கூட நிக்காது, பாத்துக்கிடும் வே.”

“கரண்டு போனா ஒடனே தூங்க வச்சிருவேன் அண்ணாச்சி.”

“தாலாட்டுப் பாடியா?” என்று கேட்டுவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டார்.

அவர் போனதும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். எந்த இயந்திரமானாலும் அதன் உள்விவகாரம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். “அது என்னலே, தூங்க வைக்கது?”

எனக்கு அது போதும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். ஸ்லீப் என்றால் வேலையைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடுவது. கொஞ்சம் கரண்டு குடித்துக்கொண்டே இருக்கும். ஹைபர்னேட் என்றால் கையில் இருப்பதையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டுப் படுப்பது. கரண்டே வேண்டாம், எழுந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். ஆனால் என்னுடையது பழைய டிஸ்க், ஏற்றி முடிக்க நேரமாகும். ஷட் டவுன் என்றால் எல்லாவற்றையும் உதறிவிட்டு வீட்டுக்குப் போவது.

“கையில வச்சிக்கிட்டே தூங்குனா கீழ போட்டுருவாம்லா?”

“கரண்டு சுத்தமா நின்னா போட்டுரும்பா.”

“மூணாவது எனக்குத் தெரியும். இருமல் வந்த பெறகு மில்லுல என்னை அப்படித்தான அனுப்புனானுவ” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது.

பிறகு ஆலைக் கதை. உமி நீக்கும் ஹல்லருக்குள் நெல் இருக்கும்போது மோட்டார் நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே இறுகிவிடும். திரும்பப் போட்டால் பெல்ட் வழுக்கும், கருகும். கம்பியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். அந்த நெல் அரிசியும் ஆகாது, நெல்லாகவும் இருக்காது. “மொதல்ல நெல்லு விழுகத அடைக்கணும். உள்ள கெடக்கது முழுக்க வெளிய வந்த பெறகுதாம் மோட்டார நிறுத்தணும். பாதியில நிறுத்துனவன் மெக்கானிக்கே இல்லலே.”

ஆடி மாதம். பெங்களூர்க் கம்பெனி ஒன்று வேலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை வைத்தது. நெல் இலைப் படங்களைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும். வயல்களில் இறங்கி நானே எடுத்த படங்கள். என் கணினியின் வேகத்துக்கு இரண்டு நாள் விடாமல் ஓட வேண்டும். படித்துவிட்டு வருஷக்கணக்கில் சும்மா இருந்தவன் நான். திரையில் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அப்பாவும் பார்த்தார். “எவ்வளவு அரைச்சிருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் அனுப்ப வேண்டும். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று அன்று காலையில் அவரிடம் சொன்னேன்.

அம்மா ஒரு சாவு வீட்டுத் துஷ்டிக்காகக் களக்காடு போயிருந்தாள். அப்பா வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர் மருந்து தீர்ந்திருந்தது. டவுனில் எங்கள் வீட்டுப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரியாஸ்பத்திரி இருக்கும் ஹைகிரவுண்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். காற்று பைக்கைத் தள்ளியது. வண்ணாரப்பேட்டையில் சிக்னல் எரியவில்லை. ஜங்ஷன் பக்கம் கடைகள் எல்லாம் ஜெனரேட்டர் புகையோடு நின்றன. ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“காத்துல மரம் விழுந்து ஒயரு அந்துட்டாம். கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்காவ. கரண்டு போயி வெகு நேரமாச்சு.”

அப்பாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஈரடுக்குப் பாலத்தில் எப்படி ஏறி இறங்கினேன் என்று நினைவில்லை.

கதவைத் திறந்ததும் இன்வெர்ட்டர் கத்துவது கேட்டது. பேட்டரி தீரப்போகிறது என்று எச்சரிக்கும் கத்தல். கணினியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் பெட்டியின் சத்தம் இல்லை.

பெட்டி பழுதாகவில்லை. கட்டில் தலைமாட்டில் இருக்கும் அதன் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. மூக்கில் குழாய் அப்படியே இருந்தது. அப்பா தலையணையில் இரண்டு கைகளையும் ஊன்றி, குனிந்து, வாயால் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. பார்வை மட்டும் திரையில்.

சுவிட்சைப் போட்டேன். பெட்டி ஒருமுறை முனகியது. இன்வெர்ட்டரின் கத்தல் இன்னும் அவசரமானது. ஸ்லீப், ஹைபர்னேட், ஷட் டவுன் என்று அழகழகாகப் பிரித்துச் சொன்னவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கணினியின் வயரைப் பிடித்து இழுத்தேன். திரை கருத்தது, பெட்டி ஓட ஆரம்பித்தது. கணினியில் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை அப்பா விரலில் மாட்டிப் பார்த்தேன். அது காட்டிய எண்ணை இதுவரை அம்மாவிடம் சொன்னதில்லை. முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேட்டரி முழுக்கச் சாவதற்கு முன் கரண்டு வந்துவிட்டது. உதட்டில் நிறம் திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“முடிஞ்சுதாலே?”

“முடிஞ்சுதுப்பா.”

“பொய் சொல்லுத. முடிஞ்சதுக்குப் பெறகு எவனாவது ஒயரப் புடுங்குவானா?” மூச்சு வாங்கியது. “உள்ள நெல்லு கெடக்கயில நிறுத்திட்டியேலே. நான் இன்னுங் கொஞ்ச நேரம் தாக்குப் புடிச்சிருப்பேன்.”

“நீங்க செத்துப் போயிருப்பீங்கப்பா.”

அவர் கருத்த திரையைப் பார்த்தார். தெரியாமல் செய்தவர் முகம் அப்படி இருக்காது.

முதலிலிருந்து ஓட்ட வேண்டும், கம்பெனிக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து இன்வெர்ட்டர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் பெட்டியின் சுவிட்சைக் கட்டிலிலிருந்து எட்டாத இடத்துக்கு, வெளி அறைச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். பெட்டியையும் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்து, குழாயை நீளமாக விட்டோம். அண்ணாச்சி தயங்கித் தயங்கித்தான் சுவரைத் துளைத்தார். அப்பா படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோவப்படாதீய. பையன் பயந்து கெடக்கான்” என்றார் அண்ணாச்சி.

“எனக்கென்ன கோவம்? நல்லா இறுக்கி முறுக்கும். எது ஓடணும், எது நிக்கணும்னு இனிமே அவந்தான் பாத்துக்கிடுவான்.”

அன்றே கணினியை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றினேன். அடுத்த கரண்டு வெட்டில் அது தானாகச் செத்து விழுந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கார்த்திகை வரை இருந்தார். சாப்பாடு, மருந்து, மழை பற்றியெல்லாம் பேசினார். என்ன படிக்கிறேன், என்ன செய்கிறேன், எவ்வளவு ஓடியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.