காலுக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

மரக்காணத்துக்கு நான் வேலை தேடிப் போகவில்லை. மெட்ராஸில் சவுக்கு விறகை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய படகு ஒன்றில் ஏறி, கால்வாய் வழியாகவே வந்தேன். அதற்கு மேல் படகு போகாது என்றார்கள், இறங்கினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குள் பல ஊர்களில் பல வேலைகள் பார்த்திருந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம் அது. உப்பளத்தில் ஆள் தேவைப்பட்டது. உப்பு வாரும் பலகையைக் கையில் கொடுத்தார்கள், வாரினேன்.

அளத்தை ஒட்டிக் கீற்றுக் கொட்டகையில் ஒரு சோற்றுக்கடை இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு. கடையை நடத்திய அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குத் தவறாதவர். சில வருஷம் பாண்டிச்சேரியில், யோகா சொல்லித்தரும் ஓர் இடத்தில் சமையல்கட்டில் வேலை பார்த்திருக்கிறார். கணவர் இறந்த பிறகு பிறந்த ஊருக்கே வந்து கடை போட்டுவிட்டார்.

பாண்டிச்சேரியில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால் போதும், கரண்டியை வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.

"வெள்ளைக்காரங்க கால தூக்கிக் கழுத்துல போட்டுக்கினு உக்காந்திருப்பாங்க. அதெல்லாம் நமக்கு எதுக்கு? கழுவுறது, கம்மியா துன்றது, மூச்ச ஒழுங்கா வுடறது. இது மட்டும் போதும்னு எடுத்துக்கினு வந்துட்டேன். மொதல்ல சுத்தம், அப்புறந்தான் ஆசனம்னு அந்த யோகா சாரே சொல்லுவாரு. நான் மொதல் பாடத்தோட நின்னுட்டேன். அதுவே இன்னும் முடியல."

முடியாதது உண்மைதான். அவருடைய கடையில் தண்ணீர்ப் பானைக்குள் யாரும் டம்ளரை விட முடியாது. நீளக் காம்பு வைத்த அகப்பையால் அவரே மொண்டு ஊற்றுவார். கையும் வாயும் கழுவாதவனுக்கு இலை கிடையாது. காலையில் தென்னை ஈர்க்கை வளைத்து நாக்கு வழித்தாயா என்று, மீசை நரைத்த ஆளைக்கூட வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். வயிற்றில் பாதிக்குச் சோறு, கால் பங்குக்குத் தண்ணீர், மீதியைக் காலியாக விடு என்பார்.

"சோத்துக்கடைக்காரி சோறு கம்மியா துன்னுனு சொல்லி எங்கியாவது கேட்டிருக்கியா?" என்று அளத்து மேஸ்திரி எங்களிடம் கேட்பார். "மிச்சம் புடிக்கிறாடா இவ!"

"உன் வயித்துக்கு மிச்சம் புடிச்சா நான் இன்னொரு கடை போட்டுடுவேன் மேஸ்திரி" என்று உள்ளே இருந்து பதில் வரும்.

விடிந்ததும் அவர் செய்யும் இன்னொரு வேலையைப் பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, தலையைச் சாய்த்து ஒரு மூக்குத் துளையில் விடுவார். அது அடுத்த துளை வழியாக நூல்போல இறங்கும். ஒரு நாள் மூட்டை தூக்கும் ஆள் ஒருவன், "உப்புத் தண்ணிதானே? நம்மகிட்ட இல்லாத உப்புத் தண்ணியா?" என்று உப்புப் பாத்தியில் வெயிலில் முற்றிக் கிடந்த நீரையே மொண்டு மூக்கில் ஊற்றிக்கொண்டான். அவன் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. அக்கா ஓடிவந்து அவன் மூக்கில் நல்ல தண்ணீர் விட்டுக்கொண்டே திட்டினார்:

"கண்ணுத் தண்ணி எவ்ளோ கரிக்கும்? அவ்ளோதான் உப்பு இருக்கணும். இது ஊறுகாய் போடற தண்ணிடா! மூக்கையா ஊறுகாய் போடற?"

நானும் சிரித்தேன். ஆனால் அவன் மூக்கில் செய்ததைத்தான் நான் காலில் செய்துகொண்டிருந்தேன்.

வரப்பு ஓரத்தில் கிளிஞ்சல் குத்தி, வலது காலில் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே பிளந்திருந்தது. அளத்தில் யாரும் இதற்கு மருந்து தேடுவதில்லை. உப்பில் நிற்பவன் காலில் அழுக்கு தங்காது, புழு வைக்காது என்பது அங்கே எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. நல்ல தண்ணீரோ, சவுக்குத் தோப்புக்கு அப்பாலிருக்கும் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாயில் வர வேண்டும். அதைக் காலில் ஊற்றுவது ஊதாரித்தனம். அதனால் காயம் பட்டவன் அதைப் பாத்தி நீரிலேயே முக்குவான். எரிந்தால், மருந்து வேலை செய்கிறது என்பார்கள். நானும் முக்கினேன். எரிந்தது. தோல் விறைத்து, பிளவு ஆழமாகி, பாதம் வீங்கியது. செருப்புப் போட முடியவில்லை. பிறகு நாற்றம் வந்தது.

நாற்றத்தை முதலில் கண்டுபிடித்தவர் அக்காதான். இலை போட வந்தவர் நின்றுவிட்டார்.

"ஏம்பா, காலக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. உப்புத் தண்ணி வெச்சிக்கினுதான் இருக்கேன்."

"காட்டுன்றேன்ல."

பார்த்தார். மூட்டை ஏற்றப் போன வண்டியை நிறுத்தி என்னை உட்காரவைத்து, ஊருக்குள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, மாத்திரை கொடுத்தார். அளத்தில் கால் வைக்கக் கூடாது, புண் ஈரத்தில் ஊறக் கூடாது, தினமும் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். கேட்காமல் விட்டால் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலையும் எடுத்துவிடுவார்கள்; விரலோடு நிற்குமா என்பதையும் சொல்ல முடியாது என்றார்.

எனக்கு வீடு கிடையாது. நிலம் கிடையாது. ஒரு ஊர் பிடிக்காவிட்டால் அடுத்த ஊருக்கு நடந்துவிடலாம் என்பது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

அன்று மாலையே அக்கா ஆரம்பித்துவிட்டார். கொதிக்கவைத்து ஆறிய நல்ல தண்ணீரை மெல்லிய தாரையாகப் புண்ணில் விட்டார். துவைத்துக் காயவைத்த பழைய வெள்ளைத் துணியால், விரல் இடுக்கில் ஈரமே இல்லாமல் ஒற்றி எடுத்தார். பிறகு டாக்டர் கொடுத்த மருந்து, கட்டு. காலையிலும் மாலையிலும் இதே. கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் நானே குனிந்து பார்க்க வேண்டும். முகத்தைத் திருப்பக் கூடாது. "உன் உடம்ப நீ பாக்கலன்னா வேற எவன் பாப்பான்? இதுவும் பாடந்தான்" என்றார். கத்தரிக்காயும் கருவாடும் எனக்கு இலையில் வரவில்லை. டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்றேன். "அவரு ஊசி போடட்டும். சோறு போடறது நானு" என்றார். அந்தப் பத்தியம் யோகாவில் உண்டா, அவருடைய அம்மா சொன்னதா, எனக்குத் தெரியாது. கேட்டாலும் அவர் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்.

தண்ணீர் விஷயம் சீக்கிரமே சண்டையானது. வெயில் ஏறஏறக் கிணறு வற்றி, பீப்பாய் அரைகுறையாக வந்தது. மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"குடிக்கற தண்ணிய அவன் கால்ல ஊத்தறியே, இது ஞாயமா?"

"உங்க குடிதண்ணில ஒரு சொட்டு கொறஞ்சிச்சா? சொல்லு."

"கொறையல. அப்ப எங்கேருந்து வருது?"

"நான் குளிக்கற தண்ணி அது. நான் கடல்ல முழுவிட்டு வர்றேன்."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. விடிவதற்குள் இரண்டு செம்பு நல்ல தண்ணீரில் உடம்பு கழுவாமல் அடுப்பைத் தொடாதவர், நாளெல்லாம் உடம்பில் கடலுப்போடு அடுப்படியில் நின்றிருக்கிறார். அவருடைய கழுத்தில் வேர்க்குரு சிவந்திருந்ததை நான் பார்த்திருந்தும் யோசிக்கவில்லை.

"ஏம்மா, சுத்தம் சுத்தம்னு ஊரையே விரட்டுவியே!" என்று ஒருவன் கிண்டல் செய்தான்.

"என் தோலு நல்லாத்தான் கீது. நாலு நாளு காத்திருக்கும். அவன் காலு காத்திருக்காது" என்றார். சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டார். மறுநாள் பீப்பாய் வந்ததும் முதல் குடத்தை மேஸ்திரியே தூக்கிக் கடைக்குள் வைத்தார்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது புண் அல்ல, உட்கார்ந்திருப்பது. காலியான சாக்குகளை அடுக்கி, அதன் மேல் காலைத் தூக்கிவைத்து, நாள் முழுக்கக் கொட்டகையில் கிடக்க வேண்டும். அக்கா வெங்காயம் உரிக்கக் கொடுப்பார். அது முடிந்தால், "மூச்ச இழுத்ததவிட மெதுவா வுடு. அத மட்டும் பாத்துக்கினு இரு" என்பார். பார்ப்பேன். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டதும் மூச்சும் போகும், எல்லாமும் போகும்.

"வண்டி சத்தம் கேட்டா உன் உடம்பு தானா எழுந்துக்குதுப்பா. கால கட்டி என்ன பண்றது, காதைத்தான் கட்டணும்" என்று சிரிப்பார்.

ஒரு நாள் உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர் சாப்பிட்டுவிட்டு, திண்டிவனம் தாண்டிச் சேலம் போவதாகச் சொன்னார். "சும்மாதானே கெடக்கற, வர்றியா? கிளீனர் இல்ல. உக்காந்துக்கினே வரலாம்." சேலத்தை நான் பார்த்ததில்லை. கையை ஊன்றி எழப்போனேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை. நான் ஒரு மூச்சை மெதுவாக விட்டேன். பிறகு இன்னொன்று. "இல்லண்ணே, மாலைல கட்டு மாத்தணும்" என்றேன். என் வாழ்க்கையில் கூப்பிட்ட வண்டிக்கு வரவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. லாரி போனது. அக்கா எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

வீக்கம் வடிந்து, பிளவின் அடியிலிருந்து சிவப்பாகப் புதுச் சதை வந்தது. கடைசியாகப் போனபோது டாக்டர் விரல்களை விரித்துப் பார்த்து, எதையும் எடுக்க வேண்டாம், நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்றார். நான் அக்காவைக் காட்டினேன். அடக்கமாகத் தலை குனிவார் என்று நினைத்தேன். "ஆமா டாக்டர், நான்தான்" என்றார்.

அன்றிலிருந்து என் கால் கடைக்குப் பொதுச் சொத்தானது. வருகிறவன் எவனாவது கை கழுவ முணுமுணுத்தால் போதும். "ஏம்பா, அந்தக் கால இவனுக்குக் காட்டு!" என்று குரல் வரும். நான் சோற்றுக் கையோடு காலை நீட்டுவேன். எக்கியார்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவர்கூட அதைப் பார்த்தார். காட்டியதற்குப் பலன் இருந்தது. காயத்தைப் பாத்தியில் முக்குவது குறைந்தது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு கை அள்ளி விரல் இடுக்கில் தேய்ப்பவர்கள் அதிகமானார்கள்.

மழை இறங்கி அளத்தில் வேலை நின்றதும் நான் கிளம்பினேன். அக்கா ரோடு வரைக்கும் வந்தார்.

"நீ போய்ட்டா நான் யாரு கால காட்டறது?"

"மேஸ்திரி காலக் காட்டுங்கக்கா."

"அத பாத்தா துன்ன வர்றவனும் எழுந்து ஓடிடுவான்" என்றார்.

பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் படியில் வைத்து ஏறினேன்.