வாத்தியார் என்று போடாத நோட்டீஸ்

பெங்களூர் ஈஜிபுரா நாடக சபை ரெமிஜியசுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷக் கிறிஸ்துமசுக்கு அவர் எழுதிப் பழக்கிய நாடகத்தின் கூலி அது. காவிரிக் கலவரத்தில் ஊர் அடங்கிப்போக, நாடகம் மேடை ஏறவில்லை. "ஆடாத நாடகத்துக்கு ஏது கூலி?" என்று அன்றைய செயலாளர் கையை விரித்துவிட்டார்.

ரெமிஜியஸ் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கட்டட வேலையில் பலகை சுமந்து, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரியாகி, ஒரு பயல் தயவில்லாமல் மாடி வீடு கட்டினார். நாடகங்களும் அப்படித்தான். பாதியைத் தாளில் எழுதுவார், மீதி நெஞ்சில் இருக்கும். ஒவ்வொரு நடிகனையும் பக்கத்தில் உட்காரவைத்து வாய்ப்பாடமாக ஏற்றுவார். ஈஜிபுராவில் மேடையில் அழத் தெரிந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அழுகை அவர் போட்ட பிச்சை. இதை அவரே சொல்வார், பொய்யும் இல்லை.

தொண்ணூற்றெட்டில் புதுச் செயலாளராக வந்த நோயல், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், அதே நாடகத்தைப் போட வேண்டுமென்று வந்து நின்றான். ரெமிஜியஸ் பழைய பாக்கியைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதலில் பையன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கலாம் என்றிருந்தார். அவர் வீட்டு மாடியில் ஒத்திகை தொடங்கியது. அப்புறம் நோட்டீஸ் வந்தது.

'நாடகாசிரியர்: ரெமிஜியஸ்.'

அவருக்குச் சுருக்கென்றது. சபையில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் பழக்கும் வாத்தியாருக்கு முதல் மணி அடிக்குமுன் வெற்றிலைத் தட்டில் கூலி வைத்தாக வேண்டும். அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்த நாடகமென்றால், அதை எழுதினவர் பெயர் 'ஆசிரியர்' என்று நோட்டீஸில் வரும். அவருக்குக் கூலி கிடையாது, நேரில் வந்தால் ஒரு சால்வை.

"பேரு பெரிசாத்தானே போட்டிருக்காங்க?" என்றாள் மனைவி ஜோசஃபின்.

"பேரு பெரிசானா துட்டு சிறுசாயிடும்டி. சால்வையப் போத்தி அனுப்பப் பாக்கறான்."

"உங்களுக்கு யாரத்தான் நம்பத் தெரியும்? கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தையே கடிச்சுப் பாத்த மனுஷன்."

மறுநாள் நோயல் ஒரு டப்பா மைசூர்பாக்கு கொண்டுவந்தான். சந்தேகம் கூடிப்போயிற்று. கணக்கு முடிக்குமுன் இனிப்பு நீட்டிய கட்டட ஓனர்களை அவர் கண்டிருக்கிறார். கூலிக்கு நடிக்க வரும் கன்னடக்காரி காந்தாவிடம் மெல்லத் துருவினார்.

"உனக்கு அட்வான்ஸ் வந்துச்சாம்மா?"

"ஆவாகலே வந்தாச்சு மேஷ்ட்ரே. உங்களுக்கு வரல்லியா?"

அவள் ஊரிலும் நாடகம் பழக்குகிறவருக்கு அந்த மரியாதைதான். கூலி வாங்கிய அவளே மேஷ்ட்ரு, வாத்தியார் என்கிறாள். நோட்டீஸ் அடித்தவனுக்கு மட்டும் வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடியதும் ரெமிஜியஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இன்னிக்கு எவனுக்கும் பாடம் கிடையாது. ஏன்டா நோயலு, நாடகாசிரியர்ங்கற பேரை யார் போடச் சொன்னது?"

"நான்தான் அங்கிள். அல்சூர்ல ஒரு லைப்ரரியில அகராதியப் பாத்தேன். வாத்தியார்ங்கறது உபாத்தியாயர்லேருந்து வந்ததாம், வடசொல்லு. நாடகம் எழுதறவருக்கு நல்ல தமிழ்ப் பேரா இருக்கட்டுமேன்னு..."

"வாத்தியாருக்கு அர்த்தம் இன்னா போட்டிருந்தது?"

"பக்கத்துல போய்ப் பாடம் கேக்கறதுக்கு உரியவர்னு."

ரெமிஜியஸ் நிமிர்ந்தார். "இன்னொரு வாட்டி சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

நோயல் சொன்னான்.

"மேடை ஏறணும்னு அதுல இருக்கா?"

"இல்லியே."

"அப்போ தொண்ணூத்தொண்ணுல இதே மாடியில இவங்க என் பக்கத்துல உக்காந்து பாடம் கேட்டாங்களே, அதுக்கு எங்கடா கூலி? நான் சென்ட்ரிங் அடிச்சாச்சு. ஓனர் கான்கிரீட் போடலன்னா எனக்குக் கூலி இல்லியா?"

நோயல் விழித்தான். "எந்தக் கூலி அங்கிள்? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"அதையும் நம்பணுமா?"

அப்போது பழைய ஆள், ஏரோது ராஜா வேஷக்காரன் எழுந்தான். "நெஜந்தாம்பா. ரெண்டு மாசம் பாடம் கேட்டோம். சபை பைசா குடுக்கல."

நோயல் தலையைச் சொறிந்தான். "நோட்டீஸ மாத்திடறேன் அங்கிள். பாக்கிய கமிட்டியில பேசறேன்."

"பேசு, பேசு. அதுவரைக்கும் ஏரோது ஊமைதான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நோயல் வீட்டுக்கு வந்தான். கையில் உறை. ரெமிஜியஸ் அதைத் தொடவில்லை.

"உன் கைக்காசா? கைக்காசுன்னா எடுத்துக்கிட்டுப் போ. நான் பிச்சை கேக்கல."

"சபைப் பணம் அங்கிள். கமிட்டி ஒத்துக்கிச்சு."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"உறைய நம்ப மாட்டேன். நீயே எண்ணு."

ரெமிஜியஸ் உள்ளங்கையை நீட்டினார். நோயல் உறையைக் கிழித்து, ஒவ்வொரு நூறு ரூபாய்த் தாளாக, பதினைந்து வரை வாய்விட்டு எண்ணி அந்தக் கையில் வைத்தான்.