மைமூன் கேட்ட கடல் செய்தி

பேத்தி கைப்பேசியை நீட்டினாள். யாரோ ஒரு பெண் தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுப் பெருங்கடலைத் தாண்டிக்கொண்டிருக்கிறாளாம். நடுக்கடலில் இருந்தபடியே, வீட்டில் என்ன சமையல் என்று அம்மாவிடம் கேட்கிறாள். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குத் தறிநூலுக்குப் போடும் கஞ்சியின் வாசனை வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அறுபதுகளில் தென்காசியில் எனக்கு டீச்சர் வேலை. நெசவாளர் தெருவில் வாடகை வீடு. பக்கத்து வீட்டு மைமூன் தறி நெய்வாள். அவள் கணவர் காசிமுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. தெருவில் ரேடியோ இருந்தது என் வீட்டில் மட்டும்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

ஒரு வருஷம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய சமயம், வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் சின்னப் படகில் துடுப்புப் போட்டே அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டதாகச் செய்தி வாசித்தார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. காசிமிடமிருந்து கடிதம் வருவதும் அப்போதுதான் நின்றிருந்தது. ஆடியில் அவருடைய தாயார் இறந்துபோனார். கப்பல் கம்பெனிக்குத் தந்தி கொடுத்தார்கள். பதில் வரவில்லை.

சாயங்காலமானால் மைமூன் வந்துவிடுவாள், சேலையெல்லாம் கஞ்சி வாசனையோடு. ரேடியோ அருவி மாதிரி இரையும். நானே படகை ஓட்டுவதுபோல் வியர்க்க வியர்க்கக் குமிழைத் திருகுவேன்.

"டீச்சரக்கா, அந்த ரெண்டு பேரும் கரை சேந்துட்டாவளா?"

"இன்னும் சொல்லலியே மைமூன்."

கணவரைப் பற்றி ஒரு நாளும் பேசமாட்டாள்.

சாரல் ஓய்ந்து வெயில் வந்தபிறகு ஒருநாள் அவர்கள் கரை சேர்ந்த செய்தி வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். தறியை நிறுத்தி, பாவு நூலின்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். "அப்பம் இவுஹளும் வந்துருவாஹக்கா."

வந்தார். மறுமாதம், சொல்லாமல் கொள்ளாமல், பாதி உடம்பாக. ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலோடு இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டதாம். வாசலில் பையை வைத்துவிட்டு, "உம்மா" என்று தாயாரைக் கூப்பிட்டார். மைமூன் திகைத்துப்போய் நின்றாள்.

"தறியில உக்காந்து தெனமும் அவுஹகிட்ட பேசிக்கிட்டேதான் இருந்தேன். மாமி மவுத்தாயிப் போனதையும் சொல்லிட்டேன்னே நெனச்சிருந்தேங்க்கா" என்றாள் பிற்பாடு.

காசிம் மறுபடி கப்பலேறவில்லை. சீசனில் ஐந்தருவிப் பக்கம் துண்டு விற்பார். ஒருமுறை குளித்துவிட்டு அவரிடம் துண்டு வாங்கும்போது, நான் கேட்காமலே சொன்னார்.

"ஊருக்குப் போனா உம்மா கையால மீனாணம் ஊத்திச் சோறு திங்கணும்னு நெனச்சுக்கிட்டேதான் ஆஸ்பத்திரியில கெடந்தேன் டீச்சர். அந்தத் தந்தி என் கைக்கு வந்திருந்தா நானும் அங்கனயே போய்ச் சேந்திருப்பேன். மத்தவுஹளுக்கு உம்மா ஆடியோட போயிட்டாஹ. எனக்கு உம்மா இன்னும் கொஞ்ச நாளு கூட இருந்தாஹ."

இப்போது நடுக்கடலுக்கும் சேதி உடனே போய்விடுகிறது; அப்படிக் கூட இருக்கிற நாள் யாருக்கும் கிடைப்பதில்லை.