இருபத்தேழு அங்குலம்

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நூலகம் திறந்ததும் நோரீன் ஹெப்பிள் தன் சக்கர நாற்காலியை நேராக ஜன்னலோரக் கணினிக்குச் செலுத்துகிறார். பிரேக்கைப் போடுகிறார். வலது கை மவுசைப் பிடிக்க, இடது உள்ளங்கை திரையின் பாதியை மறைத்துக்கொள்கிறது. அடுத்த கணினியில் லெஸ் ராப்சன். அவரும் தன் திரையைத் தொப்பியால் மறைத்துக்கொள்கிறார்.

“என்ன நோரீன், அரண்மனை ஏதாவது வந்திருக்கா?”

“வந்திருக்கு. பக்கத்து வீட்ல உன்னை மாதிரி ஆள் ஒருத்தன் இருக்கானாம். வேண்டாம்னுட்டேன்.”

வியாழன்தோறும் வீட்டு வாரியம் காலி வீடுகளின் பட்டியலை வெளியிடும். ஒருவர் மூன்று வீடுகள் வரை கேட்கலாம். பணம் கட்டிக் கேட்பதில்லை. யாருக்குத் தேவை அதிகம், யார் நெடுநாள் காத்திருக்கிறார் என்பதைப் பார்த்து வரிசை போடுவார்கள். ஆனாலும் எங்கள் குடியிருப்பில் இதற்கு ஏலம் என்றுதான் பெயர். யாரும் சொல்லித்தராத சட்டம் ஒன்று உண்டு: எந்த வீட்டைக் கேட்டோம் என்று வெளியே சொல்லக் கூடாது. காய்ச்சலில் கிடந்தபோது சூப் கொண்டுவந்து கொடுத்தவரே வரிசையில் நமக்கு அடுத்து நிற்கலாம். தெரிந்துகொண்டு என்ன செய்வது?

நோரீனுக்கு ஐம்பத்தேழு வயது. பதினோரு வருடங்களாக நரம்பு நோய். கால்கள் போய்விட்டன, கைகள் இன்னும் இரும்பு. இரண்டு படுக்கையறை கொண்ட தரைத்தள வீட்டில் தனியாக இருக்கிறார். இந்த ஏப்ரலிலிருந்து ஒரு புதுச் சட்டம். அரசு வாடகை உதவி பெறுபவர் வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருந்தால் உதவியில் நூற்றுக்குப் பதினான்கு வெட்டு. நோரீனின் கூடுதல் அறையில் அவரைத் தூக்கிக் கட்டிலில் போடும் இயந்திரமும், பழைய நாற்காலியும், மருத்துவமனை அனுப்பும் அட்டைப்பெட்டிகளும் இருக்கின்றன.

“அந்த ரூம்ல நான் தூங்கலையாம், அதனால அது கூடுதலாம்” என்பார். “கக்கூஸ்லயுந்தான் நான் தூங்கறதில்ல.”

வீட்டின் மேல் அவருக்கு ஒட்டுதல் எதுவும் இல்லை. சிறிய வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போகிறேன் என்றார். மே மாதத்திலிருந்து போய்க்கொண்டேதான் இருக்கிறார். ஓரறை வீடுகள் அநேகமாக எல்லாம் மாடியில். தரையோடு தரையாக இருக்கும் சின்ன வீடுகள் அறுபது வயது ஆனவர்களுக்கு மட்டும். “படியேற முடியாத அளவுக்குக் கிழவி ஆயிட்டேன் கண்ணு. தரைவீடு குடுக்கற அளவுக்குக் கிழவி ஆகல. மூணு வருஷம் தூங்கி எந்திரிச்சு வரவான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு போன்ல சிரிக்கவே இல்ல.”

என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். நான் இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி, வாரம் மூன்று நாள் நூலகத்தில் படிவம் நிரப்பித் தரும் மேசையில் உட்கார்கிறேன். அதனால் ஏலத்தில் யார் எதைக் கேட்டார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நோரீன் முன்பு பெரிய கடை ஒன்றின் திரைச்சீலைப் பிரிவில் இருந்தவர். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பது, பிறகு தைப்பது. இருபத்தாறு வருடங்களில் ஒரு திரைகூடத் திரும்பி வந்ததில்லை என்பதை எந்தப் பேச்சிலும் எப்படியாவது நுழைத்துவிடுவார். யாரைப் பார்த்தாலும் கண் அளந்துவிடும். ஒருமுறை என்னிடம், “உன் தோள் பதினாலரை. தொங்கப்போட்டு உட்காராத, பதிமூணா தெரியுது” என்றார். நூலகத்துக்கு வந்த பாதிரியாரின் முதுகைப் பார்த்து, “இந்த ஆளை வச்சு ஒரு ஜன்னலையே மூடலாம்” என்று முணுமுணுத்தார். பாதிரியார் திரும்பிப் பார்த்ததும் வானிலை பற்றிப் பேசினார்.

அடுத்தவர் கையிலிருக்கும் அளவு நாடாவை அவர் நம்ப மாட்டார். நாடா தொய்யும், ஆட்கள் பொய் சொல்வார்கள். அதனால் துடைப்பக் கட்டை ஒன்றை இருபத்தேழு அங்குலத்துக்கு அறுத்துவைத்திருக்கிறார். சக்கரத்தைத் தள்ளும் விரல்முட்டிகளையும் சேர்த்து அவர் நாற்காலியின் அகலம் அது. இரு முனைகளிலும் சிவப்பு நகப்பூச்சு. வீடு பார்க்கப் போகும்போது மடியில் இருக்கும். வாசலுக்குக் குறுக்கே பிடித்துப் பார்ப்பார். இடித்தால் ஒரு பெருமூச்சு, உடனே திரும்பிவிடுவார். கோடை முழுவதும், கேட்பதற்கு முன்பே போய்ப் பார்த்தவை ஒன்பது வீடுகள். ஒன்பதிலும் இடித்தது.

செப்டம்பரில் வாரியத்திடமிருந்து வேறு ஒரு கடிதம் வந்தது. வாடகையில் துண்டு விழுந்துகொண்டே போவதால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு. நவம்பர் பதினான்கு நீதிமன்றம். அதை என் மேசையில் வைத்துவிட்டு, “நீ படிச்சவ. இதுல ‘தயவுசெய்து’ங்கற வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ணு” என்றார். நான்கு முறை வந்தது.

அக்டோபர் இரண்டாம் வியாழன் பட்டியலில் அந்த வீடு வந்தது. கடற்கரைச் சாலைக்குப் பின்னால், தரைத்தளம், ஓரறை, வயது வரம்பு இல்லை. நோரீன் திரையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பக்கத்தில் லெஸ் இருமினார், தொப்பியைச் சரிசெய்தார். அவர் கேட்டதும் அதே வீட்டைத்தான்.

லெஸ்ஸின் இடது பாதத்தைச் சர்க்கரை நோய் கொண்டுபோயிற்று. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. இறங்கும்போது படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்வார், ஊன்றுகோல்களை முன்னால் தள்ளிவிட்டபடி. அவருக்கும் ஓர் அறை கூடுதல்.

அடுத்த வியாழன் அவர் நூலகத்துக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ரெண்டாவது! ஆறு மாசத்துல முதல் தடவையா ரெண்டாவது இடம். யாரோ ஒரு புண்ணியவான் முன்னாடி நிக்கறான். அவன் விழுந்து தொலைஞ்சா வீடு எனக்கு.”

நோரீன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பாவம், யாரோ” என்றார்.

நானும் தலையைக் குனிந்து ஏதோ படிவத்தைப் புரட்டினேன்.

வரிசையில் முதலாவதாக இருந்த நோரீனுக்கு வீட்டைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். நாங்கள் போனபோது தரையில் புது விரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை காயவில்லை, சக்கரம் ஏறக் கூடாது என்றார் வேலையாள். நோரீன் வாசலிலேயே காத்திருக்க, நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகக் கால்வைத்துக் கோலோடு உள்ளே போனேன்.

“குறுக்கால பிடி! சாய்க்காத! சாய்ச்சா எல்லாம் நுழையும்.”

“சாய்க்கல ஆன்ட்டி.”

“சமையலறை?”

“நுழையுது.”

“படுக்கையறை?”

“நுழையுது.”

“கக்கூஸ்?” இதைக் கேட்கும்போது குரல் இறங்கியது.

“நுழையுது ஆன்ட்டி. ரெண்டு பக்கமும் ஒரு விரல் இடம் இருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் பன்றியிறைச்சியும் பட்டாணிக் களியும் வைத்த தட்டை ரொட்டியை வாங்கிப் பிய்த்து எனக்குப் பெரிய பாதியைக் கொடுத்தார். அந்த வீட்டு ஜன்னல்களின் அளவு மூன்றையும் அதற்குள் மனப்பாடமாகச் சொன்னார்.

கையெழுத்து திங்கட்கிழமை மூன்று மணிக்கு. வாரியத்திலிருந்து கிரெய்க் என்ற இளைஞர் வந்திருந்தார். அட்டையில் இரண்டு தாள்கள்: ஒன்று இந்த வீட்டை ஏற்பதற்கு, ஒன்று பழைய வீட்டை விடுவதற்கு. “நாலு மணிக்குள்ள ஆபீசுக்குச் சொல்லிட்டா போதும், மிஸஸ் ஹெப்பிள். கோர்ட் கேசையும் வாபஸ் வாங்கிருவோம்” என்றார். நல்ல பையன்தான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

நோரீன் உள்ளே போனார். ஒடுக்கமான நடை. முன்கதவைத் தாண்டியதும் இடப்பக்கம் முதல் கதவு கழிப்பறை. அவர் இடது சக்கரத்தைப் பிடித்து வலது சக்கரத்தைத் தள்ளினார். கால்தாங்கி எதிர்ச்சுவரில் முட்டியது. பின்னால் வந்தார். மறுபடி தள்ளினார். இப்போது பின்சக்கரம் சுவரில். மூன்றாவது முறை நாற்காலி நடைக்குக் குறுக்கே சிக்கி நின்றது. புதுச் சுண்ணாம்பு பெயர்ந்து அவர் மடியில் கொட்டியது.

கதவு அகலம்தான். அதற்குள் திரும்ப இடமில்லை. கோலுக்கு அகலம் மட்டுமே உண்டு, நாற்காலிக்கு நீளமும் உண்டு என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் கல்லூரியில் கடைசி வருடம் வீட்டுவசதிக் கொள்கை பற்றி நூறு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

“ஜன்னலுக்கு ஜன்னலா அளந்திருக்கேன்” என்றார் நோரீன், சுவரைப் பார்த்துக்கொண்டே. “ஒரு திரைகூடத் திரும்பி வந்ததில்ல.”

கிரெய்க் தொண்டையைச் செருமினார். “சுவரை இடிச்சு மாத்தித் தரச் சொல்லி எழுதிப் போடலாம். ஆள் வந்து பாக்கப் பதினாலு வாரம் ஆகும்.”

“பதினாலு வாரம் அடக்கிக்கணுமா தம்பி?”

கிரெய்க்கின் காது சிவந்தது. “வேண்டாம்னும் சொல்லலாம். ஆனா வரிசையில முதல்ல வந்தப்புறம் ஒரு தடவை மறுத்தா ஒரு வருஷத்துக்குப் பட்டியல்ல பேர் வராது. கேஸ் பதினாலாம் தேதி அப்படியே நடக்கும். நான் போட்ட சட்டம் இல்ல மிஸஸ் ஹெப்பிள்.”

“தெரியும். உன் மூஞ்சியப் பாத்தா எதையும் போட்ட மாதிரி இல்ல.” பிறகு என்னிடம் திரும்பினார். “நான் வேண்டாம்னா அடுத்தது யாரு? லெஸ்தானே?”

“அதைச் சொல்லக் கூடாது” என்று கிரெய்க் குறுக்கிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததிலேயே நோரீனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் என்னை அளப்பதுபோல் பார்த்தார்.

“அவன் ஊன்றுகோலோட ஆடிக்கிட்டே உள்ள போயிருவான்” என்றார். “கதவு அகலம் அவனுக்குத் தேவையே இல்ல. வாசல்ல கடல்காத்து வேற.”

“ஆன்ட்டி, கோர்ட்ல பேசிப் பாக்கலாம். நான் எழுதித் தரேன். டாக்டர்கிட்ட ஒரு கடிதம்…”

“நீ எழுதின கடிதம் ஆறு போயிருக்கு கண்ணு. எல்லாம் நல்ல கடிதம்.”

அதில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மணி மூன்று இருபது. அவர் நாற்காலியை ஒருவழியாக நேராக்கி, கழிப்பறைக் கதவைத் தாண்டி நடையின் உட்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். பிரேக்கைப் போட்டார். கையை நீட்டி, கிரெய்க்கின் அட்டையையும் பேனாவையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு பேரும் வெளிய போங்க. கதவைச் சாத்திக்கோங்க. நான் சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது.”

“ஆன்ட்டி, என்ன பண்ணப் போறீங்க?”

“ஒரு விஷயம் பாக்கணும். அதை நான் மட்டும் பாத்தாப் போதும்.”

வெளியே வந்தோம். காற்று பலமாக இருந்தது. கடற்பறவை ஒன்று எதிர்வீட்டுக் கூரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. கிரெய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். உள்ளே கால்தாங்கிகளை விலக்கும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தரையில் ஏதோ கனமாக விழுந்தது.

நான் கைப்பிடியைப் பிடித்துத் திருகினேன்.

“கையை எடு!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. நான் எடுத்துவிட்டேன்.

தரையில் துணி உரசும் சத்தம். நிற்கும், தொடங்கும், நிற்கும். மூச்சு வாங்குவது கதவுக்கு வெளியே கேட்டது. பீங்கானில் ஏதோ இடித்தது. ஒரு கெட்ட வார்த்தை, இரண்டாவதாக இன்னொன்று. பிறகு நெடுநேரம் அமைதி. கிரெய்க் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்ததற்காக என்னையே வெறுத்துக்கொண்டும் இருந்தேன்.

மூன்று ஐம்பதுக்குக் கழிப்பறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கிரெய்க்கின் முகத்தில் சிரிப்பு தானாக வந்தது. என்னைப் பார்த்ததும் போய்விட்டது.

மறுபடி உரசல். இந்த முறை எங்களை நோக்கி, மெதுவாக. கதவின் மறுபக்கத்தில் எடை சாய்ந்தது. எங்கள் ஊர் வீடுகளில் தபால் துவாரம் கதவின் அடிப்பகுதியில் இருக்கும், முழங்காலுக்கும் கீழே. அதன் தகரமூடி உயர்ந்தது. மடித்த தாள்கள் இரண்டு வெளியே வந்தன. அவற்றின் பின்னால் நான்கு விரல்கள், சுண்ணாம்பு படிந்து, ஒரு முட்டியில் தோல் கிழிந்து. மேலே இருந்தது பழைய வீட்டை விடும் தாள்; அதன் அடியில் நோரீன் ஹெப்பிள் என்று கோணலில்லாமல் கையெழுத்திட்டிருந்தது.

கிரெய்க் குனிந்து தாள்களைப் பிடித்தார். மெதுவாக இழுத்தார். பிறகு கொஞ்சம் பலமாக இழுத்தார்.

விரல்கள் விடவில்லை.