கிழக்குச் சுவரில் மாட்டிய படம்

இரவுக் காவல் வேலையில் தூக்கம் கெடுவதற்கு முன்னால் வாய் கெட்டுவிடும். ராத்திரி பேச ஆளில்லாமல் கிடந்துவிட்டு, விடிந்ததும் அகப்பட்டவரிடம் தெரிந்தது தெரியாதது எல்லாவற்றையும் கொட்டுவோம். என்னைப் போல ராத்திரி விழித்தே பிழைக்கும் உங்களுக்கு இது புதிதில்லை.

கடுகளவு ஊர்

பாகூர்ப் பக்கம், பிரெஞ்சு நிலமும் இங்கிலீஷ் நிலமும் வரப்புக்கு வரப்பு மாறும் எல்லையில் என் சுங்கச் சாவடி. பள்ளிக்கூடம் ஒன்றில் கழித்துப் போட்ட உலகப் படத்தைக் கொண்டுவந்து கிழக்குச் சுவரில் மாட்டினேன். லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டி நானே படித்தேன். வாத்தியார் கிடையாது, அந்தப் பெருமை வேறு.

செலியமேட்டுக் கோவிந்தசாமி கரும்பு வண்டியை நிறுத்தினால் படத்தைக் காட்டாமல் விடமாட்டேன். "இந்தக் கடுகு இருக்கே, இதான் நாம" என்றேன். கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இன்னாபா இது, எங்க ஏரியவே காணம். இம்மாத்தூண்டு ஊருக்கா ராவெல்லாம் முழிச்சினு கீற?"

வலக்கைப் பக்கம்

அதே ஊர் அஞ்சலையின் புருஷன் சைகோனுக்குக் கப்பலேறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடுதாசி இல்லை. புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு, சைகோன் எந்தப் பக்கம் என்று கேட்டாள். படத்தில் அது நமக்கு வலக்கைப் பக்கம். நான் படத்தைப் பார்த்து நின்றபடியே வலக்கையை நீட்டி, "அதோ, நேரா" என்றேன். அவள் என் விரல் போன வழியே வெகுநேரம் பார்த்தாள்.

"சரிண்ணே. இனிமே அந்தப் பக்கம் பாத்தே வெளக்கு வைக்கிறேன்."

தெற்கு

நாலு மாதம் கழித்துக் கோவிந்தசாமி சொன்னார்: அஞ்சலை தினம் வாசலில் தெற்கு பார்த்து விளக்கேற்றுகிறாளாம். செத்தவர்களுக்கு வைக்கிற திசையில் உயிரோடு இருக்கிறவனுக்கு வைக்கிறாளே என்று மாமியார் அவளைத் தாய்வீட்டுக்குத் துரத்துகிறாளாம்.

படத்தைத் திரும்பிப் பார்த்தேன். படத்தின் வலப்பக்கம் கிழக்கு. ஆனால் கிழக்குச் சுவரைப் பார்த்து நிற்கிறவனின் வலக்கை தெற்கே அல்லவா நீளும்? தினம் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் சூரியன் உதித்தது.

வேலை முடிந்ததும் செலியமேட்டுக்கு நடந்தேன். அஞ்சலை பண்டசோழநல்லூர்த் தாய்வீட்டுக்குப் புறப்பட மூட்டையோடு நின்றாள். தப்பு என்னுடையது என்று மாமியாரிடம் சொன்னேன். கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள், காறித் துப்பினாள், பிறகு மூட்டையைப் பிடுங்கி வீட்டுக்குள் எறிந்தாள். "தெக்குன்னு உனக்குத் தெரியலியாம்மா?" என்று அஞ்சலையிடம் முனகினேன்.

"தெரியும்ணே. படிச்சவரு சொல்றீங்களே, கப்பலு கடல்ல எறங்கி தெக்கால திரும்பிப் போச்சோன்னு நெனச்சிக்கினேன்."

படத்தை வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன். இப்போது வலக்கை சரியாகக் கிழக்கைக் காட்டுகிறது, நீட்டத்தான் கூச்சமாக இருக்கிறது.