பதினான்கு பீங்கான் குமிழ்களும் என் அளவுகோலும்

கடலூரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டைச் சீர்செய்துகொண்டிருந்த ஆர்க்கிடெக்ட் மேல் எனக்கு மூன்று மாதமாகவே சந்தேகம். பழைய வீட்டு வேலையில் கெட்டிக்காரர் என்றார்கள். எனக்கோ அவர் கைவைத்த பொருளெல்லாம் வீட்டைவிட்டு வெளியே போவதாகத்தான் பட்டது. கதவுகளில் இருபது வெள்ளைப் பீங்கான் குமிழ்கள். ஆறு உடைந்துவிட்டன. அந்த ஆறை விருத்தாசலம் செராமிக் பட்டறையில் புதிதாகச் செய்யலாம் என்று, நல்ல பதினான்கையும் எடுத்துப் போய்விட்டார். மாதிரிக்கு ஒன்று போதாதா?

போன செவ்வாய்க்கிழமை அவருக்குச் சொல்லாமல் கிளம்பினேன். காலை 6.40 பஸ், வடலூர், நெய்வேலி வழி, சுமார் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் 55 ரூபாய். நெய்வேலி தாண்டும்போது அவரிடமிருந்து செய்தி: "குமிழ் வர இன்னும் இருபது நாள் ஆகும்ங்க." ஏற்கெனவே ஒரு மாதம் தாமதம். விற்றுவிட்டார், முடிவே செய்துவிட்டேன். "இன்றோடு வேலையை நிறுத்திவிடுங்கள்" என்று பதில் அனுப்பினேன்.

8.50க்கு விருத்தாசலம். பஸ் ஸ்டாண்டிலிருந்து செராமிக் பட்டறைகளுக்கு ஆட்டோ 80 ரூபாய்.

"பொம்மை வாங்கவா, கரண்ட் பீஸ் கட்டை வாங்கவாங்க?" என்றார் டிரைவர்.

"ஒரு ஆளைப் பிடிக்க" என்றேன். அவர் வண்டியை வேகமாக விட்டார்.

பட்டறையை நடத்தும் செல்வி, நான் யாரென்று சொன்னதும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பதினான்கு குமிழ்கள், ஒவ்வொன்றும் துணியில் சுற்றி, எந்தக் கதவு என்று சீட்டு ஒட்டி. இரண்டு தடவை எண்ணினேன்.

"வெள்ளையிலயே பதினாலு வெள்ளை இருக்குது பாருங்க. புதுசை எந்த வெள்ளையில செஞ்சா எந்தக் கதவுக்கு ஒத்துப் போகும்னு பாக்க ஆர்க்கிடெக்ட் சார் எல்லாத்தையும் கொண்டாந்தாங்க."

காய்ந்துகொண்டிருந்த புதுக் குமிழ்களின் அடியில் நீலப் புள்ளி. அது என்ன ரகசியக் குறி என்று மடக்கினேன்.

"புதுசுங்கிறதுக்கு அடையாளம் சார். நாளைக்கு யாரும் பழசுன்னு சொல்லி ஏமாத்தக் கூடாதாம்."

"அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒரு தட்டை நீட்டினார். பெரிய நெல்லிக்காய் அளவில் ஆறு குமிழ்கள். "இது நீங்க போன்ல சொன்ன அளவு."

எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் அச்சு 50 மில்லிமீட்டர் என்றிருந்தது. நானே அளந்து வைத்திருந்தேன், பழைய குமிழ் 44. மாட்டிக்கொண்டார் என்று குதித்து, நேரே பட்டறைக்குப் போன் போட்டு அச்சை 44க்கு மாற்றச் சொன்னவன் நான்தான்.

"சுட்டா சுருங்கும் சார்னேன். 'வூட்டுக்காரன் சொல்றேன், செய்யுங்க'ன்னு போனை வச்சிட்டீங்க."

"ஆர்க்கிடெக்டுக்குத் தெரியுமா?"

"சொன்னேங்க. 'அவங்க வூடு, பதறத்தான் செய்வாங்க. மறுபடி அம்பதுலயே போடுங்க, அவங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேணாம்'னாங்க."

வெட்கமாக இருந்தது. கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

போகிறவர்களுக்கு: வார நாளில் பத்து மணிக்குள் போய்விடுங்கள். சூளை பிரிக்கும் நாளென்றால் பேச ஆள் கிடைக்காது. எந்த அளவு சொன்னாலும் அது சுடுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடலூருக்குத் திரும்பப் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"நீங்க நிறுத்தச் சொன்னபடி ஆளுங்களை அனுப்பிட்டேங்க. சாவி பக்கத்து வூட்டுல இருக்குது. மாடி ஜன்னல் ஒண்ணுக்குக் கதவு இன்னும் மாட்டலை. மழை வர மாதிரி இருக்குது, தார்ப்பாய் கட்டிட்டுத்தான் எறங்குவேன்."