வோட் உள்ளவர்களுக்கு வடை இல்லை

போன சனிக்கிழமை இன்டர்லாக்கன் ஸ்டேசனுக்கு முன்னால் நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

எல்சி அம்மா. சுவிஸ்காரி. தபால் கந்தோரில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். மேசையும் சட்டமும் அவருடையவை.

சிவபாதம் அண்ணை. லாங்கன்தாலில் தொழிற்சாலை வேலை. முதல் நாளே வந்து எங்கள் அறையில் வடை சுட்டவர்.

குணம். என்னோடு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவன். எங்களில் அவனுக்குத்தான் இந்த ஊர் ஜெர்மன் பாஷை, டொச், வரும்.

பிறகு நான்.

மேசை எதற்கு? தலைநகர் பெர்னில் அகதிச் சட்டத்தை இறுக்கப் போகிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்று நாட்டுச் சனமே வாக்குப் போட்டுச் சொல்லலாம். ஆனால் அந்த வாக்கெடுப்பு வர வேண்டுமென்றால் முதலில் கையெழுத்துச் சேர்க்க வேண்டும். குணத்தின் அகதிக் கேஸ் ஒருமுறை 'இல்லை' என்று வந்து, இப்போது அப்பீலில் நிற்கிறது. அவனுக்கு இது பேப்பரில் வாசிக்கிற விஷயம் இல்லை.

எல்சி அம்மா விதிகளைச் சொன்னார். வோட் உள்ள சுவிஸ்காரர் மட்டும் கையெழுத்து வைக்கலாம். ஒரு தாளில் ஒரே ஊர்க்காரர். அவரவர் தன் கையால் வைக்க வேண்டும். மனைவிக்காகப் புருஷன் வைக்கக் கூடாது.

"வீட்டுக்கு ஒண்டு எண்டால் போதாதோ?" என்றார் சிவபாதம் அண்ணை.

போதாதாம். "இது டூரிஸ்ட் ஊர். பத்துக் கிடைத்தாலே பெரிது" என்று சொல்லிவிட்டு, ஆட்களை மறித்து அனுப்ப எல்சி அம்மா றோட்டுக்கு அந்தப் பக்கம் போனார்.

வடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது எங்கள் மத்தியானச் சாப்பாடு என்று நினைத்திருக்கிறார். நாங்களும் சொல்லவில்லை. வெறுங்கையோடு நின்று ஒருவரிடம் உதவி கேட்கிற பழக்கம் எங்களுக்கு எங்கே இருக்கிறது?

கையெழுத்து வைத்தவருக்கு ஒரு வடை. குணம் தட்டை நீட்டினான். நாலு பேர் வைத்தார்கள். நாலு வடை போனது.

ஐந்தாவதாக வந்தவர் பொலிஸ்காரர்.

தட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். குணத்திடம் ஏதோ சொன்னார். அதைக் குணமேதான் எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணை, நான் லஞ்சம் குடுக்கிறனாம்."

"லஞ்சமோ? என்ன லஞ்சம்?"

"வடை."

கையெழுத்துக்காக எதைக் கொடுத்தாலும் குற்றமாம். சின்னக் குற்றம் இல்லை, குற்றவியல் சட்டத்திலேயே எழுதியிருக்காம். அப்பீலில் கேஸ் நிற்கிறவன் பெயரில் பொலிஸ் பதிவு ஒன்று விழுந்தால்...? குணம் தட்டை மெல்ல மேசையில் வைத்தான்.

எல்சி அம்மா ஓடி வந்தார். கேட்டார். அந்தத் தாளை எடுத்து, பொலிஸ்காரரின் முகத்துக்கு நேரே கிழித்தார். நாலு கையெழுத்தும் போயிற்று.

பொலிஸ்காரர் துண்டுகளைப் பார்த்தார். "அப்படியென்றால் நடந்தது ஒன்றுமில்லை" என்றார்.

சிவபாதம் அண்ணை விடுவாரா? "கையெழுத்து வைக்காத ஆக்களுக்குக் குடுத்தால்? கேள் தம்பி!"

குணம் கேட்டான். வைக்காமல் இருக்கக் கொடுத்தாலும் அதே சட்டம்தானாம்.

"அப்ப இவ்வளவையும் ஆர் தின்னிறது?"

பொலிஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். "வோட் இல்லாதவர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னால் கேட்கிற சனம் நாங்கள். பெட்டி மட்டை ஒன்றில் குணத்தைக் கொண்டு டொச்சில் எழுதுவித்தார் அண்ணை: வோட் உள்ளவர்களுக்கு வடை இல்லை.

பிறகுதான் கூட்டம். ஜப்பான்காரர் படம் எடுத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். எங்கள் ஹோட்டல் இத்தாலிக்காரன் இரண்டு எடுத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். கூட்டத்தைக் கண்டு ஊர்க்காரரும் வந்தார்கள். மட்டையை வாசித்தார்கள். என்ன ஏது என்று கேட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கையெழுத்தும் வைத்தார்கள்.

பெரிய மீசை வைத்த இறைச்சிக் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "என்னுடைய ஊரில் எனக்கு இல்லை, வெளிநாட்டுக்காரனுக்கு உண்டோ?"

குணம் பணிவாகச் சொன்னான்: "மன்னிக்க வேணும் ஐயா. உங்களுக்கு உரிமை இருக்கு. அதாலை வடை இல்லை."

உரிமை ஒரு பக்கம், வடை ஒரு பக்கம். இரண்டையும் ஒருவருக்கே கொடுக்க இந்த நாட்டுக்கு விருப்பமில்லை.

மனிதர் தாளை வாங்கி முழுதும் வாசித்தார். "நான் உங்களுக்கு எதிர். வாக்கெடுப்பு வந்தால் எதிராகத்தான் போடுவேன். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது சனம். பெர்னில் இருக்கிற பெரியவர்கள் இல்லை." சொல்லிவிட்டு, அழுத்தி ஒரு கையெழுத்து வைத்தார்.

குணத்தின் கை பழக்கத்தில் தட்டுக்குப் போனது. அண்ணை அந்தக் கையில் ஒரு அடி போட்டார்.

கடைக்காரரின் சின்ன மகள் வடையோடு நின்றாள். அவளுக்கு வோட் இல்லை. அவர் குனிந்தார். பாதி வடை மீசைக்குள் போனது.

அண்ணை பதறி எல்சி அம்மாவைப் பார்த்தார்.

"அது குடும்ப விஷயம்" என்றார் எல்சி அம்மா.

மழை தூறத் தொடங்க மேசையை மடித்தோம். குணம் என்னைக் கேட்டான். "எனக்கு எதிராப் போடப் போற மனிசன்ரை கையெழுத்தும் கணக்கோ, அண்ணை?"

எல்சி அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். கேட்டான். "ஓம், கணக்குத்தானாம்."

"அப்ப எத்தினை?" என்றார் சிவபாதம் அண்ணை.

எல்சி அம்மா கையெழுத்துகளை எண்ணிச் சொன்னார்: பத்தொன்பது.